எல்லை தாண்டிய வங்கி: பக்கத்து ஒன்றியத்துக்குப் போகும் முன் ஒரு கதை

(குழுத் தலைவிகள், பிரதிநிதிகள் பயிற்சி முகாமில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



அடுத்த மாதம் நம்முடைய பேரவைக் கூட்டம். அதில் ஒரு தீர்மானம் வரப்போகிறது. அது உங்கள் எல்லாருக்கும் தெரியும். பக்கத்து ஒன்றியத்தில் இருக்கிற குழுக்கள் நம் கூட்டமைப்பில் சேரணும் என்று கேட்கிறார்கள். "அங்கேயும் ஒரு அலுவலகம் போடுங்க, எங்களுக்கும் கடன் கொடுங்க" என்று மனு கொடுத்திருக்கிறார்கள். சேர்த்துக்கொள்ளலாமா, வேண்டாமா? ஓட்டுப் போடப் போவது நீங்கள்.

போன மாதப் பிரதிநிதிகள் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஒரு வயதான அம்மா எழுந்து கேட்டார்கள்: "ஏம்மா, நம்ம ஊருல நல்லா நடக்கிற கடை வெளியூருல போனாலும் நல்லா நடக்கும்னு என்ன நிச்சயம்? இப்படிப் போய் ஜெயிச்சவங்க யாராச்சும் இருக்காங்களா? இருந்தா எப்படி ஜெயிச்சாங்கன்னு சொல்லுங்க."

ரொம்ப நல்ல கேள்வி. அன்றைக்கு எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. அலுவலகத்துக்கு வந்து நாங்கள் தேடிப் படித்தோம். ஊர் விட்டு ஊர் மட்டுமல்ல, நாடு விட்டு நாடு போன ஒரு வங்கியின் கதை கிடைத்தது. அதைத்தான் இன்றைக்கு உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறோம்.

மூழ்கப் பார்த்த சங்கம்

இந்தியப் பெருங்கடலுக்கு அந்தப் பக்கம், ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் இருப்பது கென்யா. தலைநகரம் நைரோபி. அதற்கு வடக்கே முராங்கா என்று ஒரு மலைப்பகுதி. தேயிலை, காபி போடுகிற சிறு விவசாயிகள் நிறைந்த இடம். 1984ல் அங்கே பீட்டர் முங்கா என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஒரு சங்கம் தொடங்கினார்கள். வீடு கட்டக் கடன் கொடுக்கிற சங்கம். பெயர் ஈக்விட்டி.

வீட்டுக் கடன் என்றால் பல வருடம் கழித்துத்தான் பணம் முழுதாகத் திரும்பும். ஆனால் சேமிப்புப் போட்டவர்கள் விதைக்கு, உரத்துக்கு, பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு என்று அடிக்கடி வந்து எடுப்பார்கள். உள்ளே வருகிற பணம் ஒரு மாதிரி, வெளியே போகிற பணம் வேறு மாதிரி. கணக்கு இடித்தது. நிர்வாகமும் சரியில்லை.

1993ல் கென்யாவின் மத்திய வங்கி, அதாவது நம்ம ரிசர்வ் வங்கி மாதிரி அவர்களுக்கு இருப்பது, வந்து தணிக்கை செய்தது. கடன் கொடுத்த நூறு ஷில்லிங்கில் 54 ஷில்லிங் தவணை தவறி நின்றது. போட்ட முதல் 30 லட்சம் ஷில்லிங், சேர்ந்த நஷ்டமோ 3 கோடியே 30 லட்சம் ஷில்லிங். இன்னொன்று கேளுங்கள். ஏழைகள் போட்ட சேமிப்பிலிருந்து எடுத்து அலுவலகச் செலவை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கணக்குப்படி பார்த்தால் அந்தச் சங்கம் அன்றைக்கே திவால்.

நம்மில் யாராவது பொருளாளராக இருந்திருந்தால் அந்த ரொக்கப் புத்தகத்தைப் பார்த்துத் தூக்கம் வந்திருக்குமா?

அந்தச் சமயத்தில்தான் ஜேம்ஸ் முவாங்கி என்ற இளைஞர் நிதிப் பொறுப்புக்கு வந்தார். அவருக்கு அப்போது முப்பது வயதுக்குச் சற்று மேல். அதே முராங்கா பகுதியில் பிறந்தவர். அப்பா இல்லை. அம்மாதான் வளர்த்தார். கரி விற்று, பழம் விற்றுப் படித்த பிள்ளை. அதனால் ஏழைப் பெண்ணின் கையில் பணம் எப்போது வரும், எப்போது போகும் என்று அவருக்குப் புத்தகம் பார்க்காமலே தெரியும்.

வங்கிக்குள்ளே தொழில் முனைவு

தொழில் முனைவோர் என்றால் நாம் யாரை நினைக்கிறோம்? இட்லிக் கடை போடுகிற அக்கா, ஊறுகாய் போட்டு விற்கிற தங்கை, ஆடு வளர்க்கிற அம்மா. வங்கியில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர்களை யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆனால் வங்கிக்குள்ளேயும் தொழில் முனைவு உண்டு. கடைக்காரர் மாதிரி யோசிப்பது. வாடிக்கையாளர் ஏன் வரவில்லை, வந்தவர் ஏன் திரும்பிப் போனார், அவருக்கு என்ன வேண்டும் என்று தினமும் கேட்டு, தன் நடைமுறையை மாற்றிக்கொள்வது. ஈக்விட்டி அதைத்தான் செய்தது.

முதலில் வீட்டுக் கடனை ஓரமாக வைத்துவிட்டு, 1994 முதல் சிறு சேமிப்பு, சிறு கடன் என்ற பாதைக்கு மாறினார்கள். தேயிலை போடுகிற விவசாயிக்கு மாதாமாதம் கொஞ்சம் பணம் வரும், வருடத்துக்கு ஒருமுறை போனஸ் வரும். வரப்போகிற அந்தப் பணத்தை நம்பி முன்கூட்டியே கடன் கொடுத்தார்கள். மருத்துவத்துக்கு, படிப்புக்கு, விதை உரத்துக்கு என்று தனித்தனிக் கடன் வைத்தார்கள். குடும்பத்தில் பணம் வருகிற நாளைப் பார்த்துத் தவணை வைத்தார்கள். இதைக் கேட்கும்போது உங்களுக்கு நம் குழுவின் உள்கடன் ஞாபகம் வரும்.

அந்தக் காலத்தில் கென்யாவில் பெரிய பெரிய வங்கிகள், அதிலும் வெளிநாட்டு வங்கிகள், கிராமத்துக் கிளைகளை மூடிக்கொண்டிருந்தன. கணக்கில் இவ்வளவு பணம் எப்போதும் இருக்கணும் என்று தொகையை ஏற்றிவிட்டன. ஏழைகள் தானாக வெளியே போனார்கள். ஈக்விட்டி எதிர்ப்பக்கம் நடந்தது. கிராமத்துக்கு வேன் அனுப்பியது. வேனுக்குள் கணினி, பணப்பெட்டி, காவலுக்கு ஆள். வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாள் அந்த ஊருக்கு வேன் வரும். பெண்கள் வேலையை விட்டுப் பஸ் பிடித்து டவுனுக்குப் போக வேண்டாம்.

அப்புறம் இன்னொரு வேலை செய்தார்கள். அதுதான் எங்களுக்கு ரொம்பப் பிடித்தது. 2001 வாக்கில் மைக்ரோசேவ் என்ற அமைப்பின் உதவியோடு வாடிக்கையாளர்களைச் சின்னச் சின்னக் கூட்டமாக உட்கார வைத்து, "எங்களிடம் என்ன குறை?" என்று கேட்டார்கள். அதுவும் ஊழியர்களே உட்கார்ந்து கேட்டார்கள். வாடிக்கையாளர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். வரிசை நீளம். எதற்கெடுத்தாலும் கட்டணம். எந்தக் கட்டணத்தை எதற்குப் பிடிக்கிறீர்கள் என்றே புரியவில்லை. இதைக் கேட்டுக் கோபப்படவில்லை. கட்டணத்தைக் குறைத்து, எல்லோருக்கும் புரிகிற மாதிரி எளிமையாக்கினார்கள். கணக்குத் தொடங்க இவ்வளவு பணம் கட்டணும், கணக்கில் குறைந்தது இவ்வளவு இருக்கணும் என்ற விதிகளை எடுத்தார்கள். கணினி வந்தபின் காத்திருக்கும் நேரமும் குறைந்தது.

ஈடு விஷயமும் அப்படித்தான். நிலப் பட்டா பெண்கள் பேரில் இல்லை. அங்கேயும் நம் கதைதான். அதனால் வீட்டுச் சாமானைக்கூட ஈடாக ஏற்றுக்கொண்டார்கள். குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றாலும் கடன் கொடுத்தார்கள். கென்யாவில் "சாமா" என்று சொல்லுகிற சேமிப்புக் குழுக்கள் ஊருக்கு ஊர் உண்டு. பெண்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து காசு போட்டு, முறை வைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்வார்கள். நம்ம ஊர்ச் சீட்டு மாதிரி. அந்தப் பழக்கம் ஏற்கெனவே இருந்தது. வங்கி அதன்மேல் ஏறி நின்றது. பெண்களுக்கென்றே "ஃபனிகிஷா" என்ற கடன் திட்டமும் பிறகு வந்தது.

ஊழியர்களுக்கும் வங்கியில் பங்கு கொடுத்தார்கள். பங்கு இருந்தால் வேலைக்காரனும் கடைக்காரன் ஆகிவிடுகிறான் இல்லையா? நஷ்டம் வந்தால் அவனுக்கும் வலிக்கும்.

பலன் என்ன? 2004 கடைசியில் முழு வங்கியாக உரிமம் கிடைத்தது. 2006ல் நைரோபி பங்குச் சந்தையில் இடம் பிடித்தது. 2008 வாக்கில் கென்யாவில் இருந்த வங்கிக் கணக்குகளில் ஏறக்குறைய பாதி ஈக்விட்டியில் இருந்தது. 2010ல் அரசு அனுமதித்ததும் ஊர் மளிகைக் கடைக்காரர்களையே முகவர்களாக்கி, அங்கேயே பணம் போட, எடுக்க வழி செய்தது. திவாலாகப் போன சங்கத்தின் கதை இது. முவாங்கிக்கு 2012ல் எர்ன்ஸ்ட் அண்டு யங் நிறுவனத்தின் உலகத் தொழில் முனைவோர் விருது கிடைத்தது.

எல்லை தாண்டியபோது

சரி, உள்ளூரில் ஜெயித்தாயிற்று. இனி அந்த அம்மா கேட்ட கேள்விக்கு வருவோம். வெளியே போனபோது என்ன ஆச்சு?

2008ல் பக்கத்து நாடான உகாண்டாவுக்குப் போனார்கள். அங்கே புதிதாகப் பலகை மாட்டவில்லை. ஏற்கெனவே ஏழைகளுக்குச் சிறு கடன் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு நிறுவனத்தை வாங்கினார்கள். அந்த ஊர் மக்களைத் தெரிந்த ஊழியர்களும் அதோடு சேர்ந்து கிடைத்தார்கள்.

2009ல் தெற்கு சூடானுக்குப் போனார்கள். அது 2011ல்தான் தனி நாடானது. கென்யாவிலிருந்தும் உகாண்டாவிலிருந்தும் வியாபாரிகள் நிறையப் பேர் அங்கே கடை போட்டிருந்தார்கள். 2011ல் ருவாண்டா. 2012ல் தான்சானியா.

2015ல் காங்கோ ஜனநாயகக் குடியரசு. இது ரொம்பப் பெரிய நாடு. மக்கள் தொகை அதிகம், வங்கிக் கணக்கு வைத்திருப்பவர் குறைவு. அங்கே அலுவலக மொழி பிரெஞ்சு. கென்யாவிலோ ஆங்கிலமும் சுவாஹிலியும். சந்தையில் உள்ளூர்ப் பணத்தோடு அமெரிக்க டாலரும் புழங்கும். சட்டம் வேறு, பேச்சு வேறு, பணம்கூட வேறு. இங்கேயும் அவர்கள் வெறுங்கையோடு போகவில்லை. ஜெர்மனிக் குழுமம் ஒன்று நடத்திவந்த ஒரு வங்கியின் பெரும்பங்கை வாங்கினார்கள். 2020ல் இன்னொரு வங்கியையும் வாங்கினார்கள். அது 1909ல், பெல்ஜியம் காங்கோவை ஆண்ட காலத்தில் தொடங்கிய பழைய வங்கி. விலை 105 மில்லியன் டாலர் என்று பேசியிருந்தார்கள். நடுவில் கொரோனா வந்தது. திரும்ப உட்கார்ந்து பேசி 95 மில்லியனுக்கு முடித்தார்கள். பேரம் பேசத் தெரிந்தவர்கள் நாம் மட்டுமில்லை பாருங்கள்!

ஒரு காலத்தில் மூழ்கப் பார்த்த கிராமத்துச் சங்கம், நூறு வருடத்துக்கு மேல் பழைய வங்கியை வாங்கியது. இரண்டையும் இணைத்து நடத்துகிறார்கள். இன்றைக்கு ஈக்விட்டி குழுமத்துக்கு எல்லா நாடுகளிலும் சேர்த்து 2 கோடிக்கு மேல் வாடிக்கையாளர்கள். சமீப வருடங்களில் அதன் லாபத்தில் ஏறக்குறைய பாதி கென்யாவுக்கு வெளியே இருந்துதான் வருகிறது. அதில் காங்கோவின் பங்கு பெரிது.

ஆகவே அம்மா, போய் ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள்.

சறுக்கிய இடங்கள்

ஆனால் பாதிக் கதையைச் சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கினால் அது உங்களுக்கு நாங்கள் செய்கிற துரோகம். சறுக்கிய இடத்தையும் சொல்கிறோம்.

தெற்கு சூடானில் 2013 டிசம்பரில் உள்நாட்டுச் சண்டை மூண்டது. 2015 டிசம்பரில் அந்த நாட்டு அரசு தன் பணத்தின் மதிப்பைப் பிடித்து வைத்திருந்த கையை விட்டது. அதுவரை ஒரு டாலருக்கு 3 பவுண்டுக்குக் கீழே அரசு விலை. திடீரென்று 18 பவுண்டுக்கு மேல் போனது. அந்த ஊர்ப் பணத்தில் வைத்திருந்த வங்கியின் முதல் பெரும்பாலும் கரைந்தது. பல கிளைகளை மூட வேண்டி வந்தது. வங்கி அங்கே எந்தத் தப்பும் செய்யவில்லை என்றே வைத்துக்கொள்வோம். இருந்தாலும் அடி விழுந்தது. வெளியூரில் நம் கையில் இல்லாத விஷயங்கள் இருக்கும்.

உகாண்டாவில் நடந்தது வேறு. 2024ல் அங்கே கடன் கொடுத்ததில் மோசடி நடந்திருக்கிறது என்று புகார் எழுந்து, வங்கியின் ஊழியர்கள் சிலரே கைது செய்யப்பட்டார்கள். வழக்கு ஆனது. யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். நமக்கு வேண்டியது ஒன்றுதான். உகாண்டாவுக்குப் போய் 16 வருடம் ஆன பிறகும், இவ்வளவு பெரிய வங்கிக்கும், தூரத்துக் கிளையில் யாருக்கு என்ன கடன் போகிறது என்று பார்க்கும் கண் தேவைப்படுகிறது. புத்தகம் பார்க்காத இடத்தில் பணம் தங்காது.

நாங்கள் செய்த தப்பு

இப்போது எங்கள் சொந்தக் கதையையும் சொல்லிவிடுகிறோம். உங்களில் சிலருக்குத் தெரியும். பலருக்கு நாங்கள் சொன்னதில்லை.

சில வருடங்களுக்கு முன்னால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் புதிதாகக் குழுக்கள் தொடங்கினோம். நீங்கள் இங்கே எப்படி நடத்துகிறீர்களோ அதை அச்சுப் பிசகாமல் அங்கே கொண்டுபோனோம். அதே மாதாந்திரக் கூட்டம், அதே தேதி, அதே சந்தா, அதே தவணை. தீர்மானப் புத்தகத்தின் முதல் பக்கத்தைக்கூட இங்கிருந்தே பார்த்து எழுதினோம். தொடக்க விழா பிரமாதமாக நடந்தது. நாங்களும் மாத அறிக்கையில் பெருமையாக எழுதினோம்.

அங்கே இருக்கிற பெண்களில் பாதிப் பேர் செங்கல் சூளைக்குப் போகிறவர்கள். தை பிறந்தால் குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள். மழைக்கு முன்னால்தான் திரும்புவார்கள். கூலி சனிக்கிழமை கைக்கு வரும், திங்கட்கிழமைக்குள் செலவாகிவிடும். நாங்கள் வைத்ததோ மாதத் தவணை, ஐந்தாம் தேதிக் கூட்டம். தை மாதம் ஆள் இல்லை. மாசியில் தவணை இல்லை. கடன் வாங்கியவர் சூளையில் இருக்கிறார், இங்கே மீதி இருப்பவர் அவருக்காகக் கட்டணும். சண்டை வந்தது. இரண்டு வருடத்தில் ஒவ்வொரு குழுவாகக் கலைந்தது. சேமிப்பைத் திருப்பிக் கொடுக்கவே ஐந்து மாதம் ஆனது.

கடைசிக் கூட்டத்தில் ஒரு அக்கா எங்களைப் பார்த்துச் சொன்னார்கள்: "நீங்க நல்லவங்கதான் சார், மேடம். ஆனா எங்களுக்கு எந்தக் கிழமை கூலி வரும்னு நீங்க ஒரு வார்த்தை கேக்கலையே."

அன்றைக்கு ராத்திரி எங்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சமூகப் பணி படித்தவர்கள் நாங்கள். மக்களிடம் கேட்டுத் தொடங்கணும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவர்கள். ஆற்றைத் தாண்டியதும் அதை மறந்துவிட்டோம்.

ஈக்விட்டியின் கதையைப் படித்தபோது எங்களுக்கு உறைத்தது இதுதான். அவர்கள் எல்லை தாண்டிக் கொண்டுபோன பெரிய சரக்கு கேட்கிற பழக்கம். முராங்காவின் விதியை அப்படியே காங்கோவுக்கு எடுத்துப் போயிருந்தால் நிற்காது. அந்த ஊரைத் தெரிந்த ஆட்களைப் பிடித்தார்கள், அந்த ஊர் மொழியில், அந்த ஊர்ப் பணத்தில் வேலை செய்தார்கள். நாங்கள் விதியைக் கொண்டுபோனோம். கேட்கிற பழக்கத்தை இந்தக் கரையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டோம்.

வங்கிக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம்

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. ஈக்விட்டி பங்குதாரர்களுடைய வங்கி. தெற்கு சூடானில் நஷ்டம் வந்தால் கென்யாவில் வந்த லாபம் தாங்கிக்கொள்ளும். முதல் போட்டவர்கள், "இந்த வருடம் லாபப் பங்கு குறைவு" என்று பொறுத்துக்கொள்வார்கள்.

நமக்கு யார் தாங்குவார்கள்? நம் கூட்டமைப்பில் இருப்பது களை எடுத்த கூலியிலிருந்தும், பால் ஊற்றிய காசிலிருந்தும் நீங்கள் மிச்சம் பிடித்த பணம். அதில் ஒரு பங்கு அங்கே போய்த் திரும்பாவிட்டால், இங்கே ஒரு பெண்ணின் பிரசவச் செலவுக்குக் கடன் இல்லை என்று நாம் சொல்ல வேண்டி வரும். 1993ல் ஈக்விட்டியில் சேமிப்புப் பணத்தை எடுத்து வேறு செலவு ஓட்டினார்களே, அது நம்மிடம் ஒரு நாளும் நடக்கக்கூடாது.

அதற்காகக் கதவைச் சாத்திவிடலாமா? பக்கத்து ஒன்றியத்துப் பெண்கள் இன்றைக்கு எங்கே கடன் வாங்குகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். வாரம் தவறினால் வாசலில் வந்து உட்காருகிறவர்களிடம் வாங்குகிறார்கள். நீங்கள் குழு ஆரம்பிப்பதற்கு முன்னால் எங்கே வாங்கினீர்கள்? அதையும் யோசித்துப் பாருங்கள்.

எங்கள் கருத்து

முடிவு உங்களுடையது. ஆனால் கருத்துச் சொல்லாமல் நழுவுவது சரியில்லை. களப் பணியாளர்கள் கூடிப் பேசி மூன்று விஷயம் சொல்லலாம் என்று தீர்மானித்தோம்.

முதலாவது, பணத்துக்கு முன்னால் ஆள் போகட்டும். நம் ஊக்குநர்களில் அனுபவப்பட்ட இரண்டு பேர் வாரம் ஒருநாள் அங்கே போய், கூட்டம் நடத்தவும் புத்தகம் எழுதவும் சொல்லித் தரட்டும். ஆனால் அங்கே பொறுப்பு எடுப்பது அந்த ஊர்ப் பெண்ணாக இருக்கட்டும். எந்த மாதம் வேலை, எந்தக் கிழமை கூலி, யார் எப்போது வெளியூர் போவார்கள் என்று முதலில் கேட்டு எழுதட்டும். கூட்டத் தேதியையும் தவணையையும் அதன் பிறகு அவர்களே வைக்கட்டும்.

இரண்டாவது, முதல் ஒரு வருடம் அவர்கள் சேமிப்பிலேயே அவர்கள் உள்கடன் நடக்கட்டும். நம் சேமிப்பு அங்கே போக வேண்டாம். ஒரு வருடம் கழித்துத் தரம் பிரித்துப் பார்த்து, வங்கி இணைப்புக்கு நாம் துணை நிற்கலாம். அவர்கள் கணக்கு தனி, நம் கணக்கு தனி. ஒரு பானையில் போட்டுக் கிண்ட வேண்டாம்.

மூன்றாவது, தணிக்கை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நம் தணிக்கைக் குழு போய், பாஸ்புக்கையும் ரொக்கப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கணும். கடன் வாங்கியவர் வீட்டுக்கே போய், "இவ்வளவு வாங்கினீங்களா அக்கா?" என்று கேட்கணும். எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். நாங்கள் எழுதுகிற மாத அறிக்கையை அப்படியே நம்பிவிடாதீர்கள். எங்கள் அறிக்கை எவ்வளவு அழகாக இருக்கும் என்று ஆற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்துவிட்டோம்.

இதுக்குச் செலவு ஆகுமா என்று நீங்கள் கேட்கலாம். ஆகும். ஊக்குநருக்குப் பயணப்படி, சாப்பாடு, தணிக்கைக் குழுவுக்குப் படி எல்லாம் உண்டு. அந்தச் செலவை யார் ஏற்பது என்பதையும் பேரவையிலேயே பேசி எழுதிவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட செலவுதான் சேமிப்பில் கை வைக்கும்.

அந்த வயதான அம்மா இன்றைக்கும் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அம்மா, நீங்கள் கேட்ட கேள்விக்கு எங்களால் முடிந்த பதில் இது. போய் ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள். கேட்டுக்கொண்டே போனவர்கள் ஜெயித்தார்கள். இனி நீங்கள் எங்களைக் கேளுங்கள். எவ்வளவு நேரம் ஆனாலும் உட்கார்ந்து பதில் சொல்கிறோம்.



பேரவைக்கு முன் உங்கள் குழுவில் பேசிப் பாருங்கள்

1. நம் குழுவின் கூட்ட நாளையும் தவணை நாளையும் யார் வைத்தார்கள்? அது எல்லோருக்கும் வசதியாக இருக்கிறதா? யாராவது சொல்லத் தயங்கிக்கொண்டு இருக்கிறார்களா?

2. நம் குழுவில் பிடிக்கிற சந்தா, அபராதம், மற்ற செலவு ஒவ்வொன்றும் எதற்கு என்று எல்லா உறுப்பினர்களுக்கும் தெரியுமா? புதிதாகச் சேர்ந்த ஒருவரை எழுப்பிக் கேட்டுப் பாருங்கள்.

3. பக்கத்து ஒன்றியத்தில் உங்களுக்குத் தெரிந்த அக்கா தங்கை இருந்தால், அவர்களுக்கு எந்த மாதத்தில் கையில் காசு இருக்கும், எந்த மாதத்தில் இருக்காது என்று கேட்டு வாருங்கள்.

4. தீர்மானத்துக்கு ஆதரவா, எதிர்ப்பா? ஏன்? உங்கள் குழு என்ன முடிவு செய்ததோ அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, பிரதிநிதியிடம் கொடுத்து அனுப்புங்கள்.